ஆட்டோமாட்டிக் எண்ணெயும் நாகப்பட்டினம் கப்பலும்

பிள்ளைகளே, என் மேல் உங்களுக்குக் கோபம். எனக்குத் தெரியும்.

மோட்டார் சைக்கிள் செயினுக்குத் தானாகவே எண்ணெய் சொட்டுகிற ஒரு கருவி செய்யப் போகிறேன் என்று இந்தப் பக்கத்தில் பெரிதாக எழுதினேன். படம்கூடப் போட்டேன். அதற்குப் பிறகு இரண்டு மாதமாக அதைப் பற்றி மூச்சே விடவில்லை. முருங்கை மரத்தைப் பற்றி எழுதினேன், மூக்குக் கண்ணாடியைப் பற்றி எழுதினேன்... கருவியைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

காப்பார் ஊரிலிருந்து ஒரு பிள்ளை கடிதம் போட்டுவிட்டாள். "மாமா, எண்ணெய் சொட்டியதா இல்லையா? மழுப்ப வேண்டாம்" என்று கேட்டிருக்கிறாள்.

சொட்டியது அம்மா. பதினெட்டு நாள் ஒழுங்காகச் சொட்டியது. பத்தொன்பதாம் நாள் சொட்டவில்லை. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருக்கிறேன். என்ஜின் ஷெட்டில் பிட்டர் வேலை, இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. என்னிடம் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் சைட்கார் வைத்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. உங்கள் அப்பாவின் சைக்கிளில் இருப்பது போலவே அதற்கும் பின்சக்கரத்தை இழுக்க ஒரு செயின் உண்டு. எண்ணெய் இல்லாவிட்டால் செயின் காய்ந்து, சூடேறி, விறைத்து, கடைசியில் அறுந்துபோகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் மண்டி போட்டு உட்கார்ந்து அதற்கு எண்ணெய் போடுவேன்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமைதான் மண்டி போடுவது? சோம்பேறித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலகத்தில் பாதிக் கருவிகள் சோம்பேறித்தனத்தால்தானே பிறந்தன?

ஐம்பது சிகரெட் அடைத்து வரும் வட்ட டின் ஒன்றை எடுத்தேன். உடைந்த கார்பைடு விளக்கிலிருந்து குட்டிப் பித்தளைத் திருகு ஒன்றைக் கழற்றினேன் — விளக்கில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுமே, அந்தத் திருகு. அதை டின்னின் அடியில் பொருத்தி, அதிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் ஒன்றைச் செயினுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினேன். எண்ணெய் சிந்தக் கூடாது என்று மூடியை ஈயம் பற்றவைத்து அடைத்தேன். எண்ணெய் ஊற்ற ஓர் ஓரத்தில் சின்னத் திருகாணி. மூடியின் நடுவில், காற்றுப் போவதற்கு ஊசிமுனை அளவு ஓர் ஓட்டை.

திருகைக் கொஞ்சம் திறந்தால் போதும். பத்து எண்ணுவதற்குள் ஒரு சொட்டு. மறுபடியும் பத்து. மறுபடியும் ஒரு சொட்டு. ஆட்டோமாட்டிக்!

எங்கள் ஷெட்டில் டிரைவர் சுப்பையா இதைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, ஒன் வண்டிக்கு மூக்கு ஒழுவுது? கசாயம் வச்சுக் குடுத்தியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உழைத்தவனுக்குத்தானே வலி தெரியும்?

அப்புறம் ஆயுத பூசை வந்தது.

எங்கள் குடியிருப்பு வரிசையில் ஆயுத பூசை என்றால் சாதாரணம் இல்லை. முதல் நாளே வண்டியைக் கழுவினேன். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, அழுக்கு, பழைய எண்ணெய் எல்லாவற்றையும் துடைத்து, வெள்ளிச் சங்கிலி போல மின்ன வைத்தேன். திரும்ப மாட்டினேன். புது எண்ணெய் தடவினேனா? இல்லை. எதற்குத் தடவ வேண்டும்? அதான் ஆட்டோமாட்டிக் இருக்கிறதே!

மறுநாள் காலையில் ஸ்பானர், குறடு, சுத்தியல், அரம் எல்லாவற்றையும் சாமிப் படத்துக்கு முன்னால் அடுக்கினோம். வண்டிக்கு மாலை போட்டோம். என் மனைவி பாக்கியம் குழைத்துக் கொடுத்த சந்தனத்தால் நானே பொட்டு வைத்தேன். விளக்குக்கு ஒன்று, டாங்கிக்கு ஒன்று, சைட்கார் மூக்குக்கு ஒன்று. என் அருமைக் கருவிக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக ஒன்று, நடுவில் குங்குமம்.

பூசைக்கு அடுத்த வீட்டு அஞ்சலையும் வந்திருந்தாள். அன்று அவள் ஊருக்குக் கப்பல் ஏறப் போகிறாள்.

அஞ்சலையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். காலை நேரத்தில் ஷெட் வாசலில் தேத்தண்ணி விற்கிறவள். அவள் புருசன் மாரிமுத்து பாலம் போடுகிற கூட்டத்தில் வேலை. அன்று அவன் ஜொகூர்ப் பக்கம் எங்கோ ரயில் லைனில் இருந்தான். நாலு வருசத்துக்கு முன் இவர்கள் இந்த நாட்டுக்கு வரும்போது மூத்த பெண் தனத்துக்கு நாலு வயது. கப்பல் ஏறுகிற நேரத்தில் அவள் உடம்பெல்லாம் மணல்வாரி அம்மை போட்டுவிட்டது. உடம்பில் புள்ளி இருக்கிற பிள்ளையை ஏற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையில் பால்குடிக் குழந்தை வேறு. வழியில்லாமல் தனத்தை மாரிமுத்துவின் அண்ணனிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.

ஆறே மாதத்தில் வந்து கூட்டிப் போகிறேன் என்று சொன்னவளால் நாலு வருசம் கழித்துத்தான் புறப்பட முடிந்தது. அதுவும் எப்படி? அந்த அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வந்ததால். அவருக்கு ரங்கூன் அரிசி ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு போகிறார். தனத்தை விட்டுவிட்டுப் போக ஊரில் ஆள் இல்லை. நீ வருவதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டால் பிள்ளையும் எங்களோடுதான் வரும் என்று எழுதியிருந்தார்.

நாகப்பட்டினம் கப்பலை இன்று விட்டால் அடுத்த கப்பல் இரண்டு வாரம் கழித்து. அதற்குள் தனம் ரங்கூனுக்குப் போய்விடுவாள். ரங்கூனில் எந்த ஆலை, எந்தத் தெரு, யாருக்குத் தெரியும்?

துணைக்கு ஒரு குடும்பம் அதே கப்பலில் போகிறது. அவர்கள் விடியற்காலை ரயிலிலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். அன்று பால்குடியாக வந்த குழந்தையைப் பாக்கியத்திடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த ரயிலில் வருவதாக அஞ்சலை சொல்லியிருந்தாள்.

"தீபாராதனை பாத்துட்டுப் போம்மா. ரயில் பதினொன்னரைக்குத்தான்" என்று சொன்னது யார்? நான்தான். ரயில்வேக்காரன் சொன்னால் தப்பாக இருக்குமா? அவளும் உட்கார்ந்தாள். தீபாராதனை பார்த்தாள். சுண்டலை இலையில் கட்டிக்கொண்டாள். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

கால் மணி நேரத்தில் அதே பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"அண்ணே... ரயிலு போயிருச்சு. பதினொன்னுக்கே போயிருச்சாம். இந்த மாசத்துலேருந்து மாத்திட்டாங்களாம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

நேரம் மாறிய அறிவிப்பு எங்கள் ஷெட் பலகையிலேயே பத்து நாளாகத் தொங்கியிருக்கிறது. அதற்குக் கீழேயே நின்று தினமும் கையைத் துடைத்திருக்கிறேன். ஒரு நாளாவது தலையைத் தூக்கிப் படித்தேனா?

"ஏறு, அஞ்சலை. வண்டியில கொண்டுபோய் விடறேன்."

பாக்கியம் என்னைப் பார்த்தாள். பூசையில் வைத்த வண்டியை மறுநாள் மறுபூசை முடியும் வரை எடுக்கக் கூடாது — எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. ஆனால் அவளும் மூன்று பெற்றவள். "எடுங்க. எடுத்துட்டுப் போங்க" என்றாள். மாலையை அவளே கழற்றினாள்.

ஆயுதப் பையை எடுக்கப் படத்துக்கு முன்னால் போனேன். ஸ்பானர்கள் மேல் பூ இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையை நீட்டினேன்... இழுத்துக்கொண்டேன். வண்டியை எடுப்பதே ஒரு தப்பு. ஆயுதத்தையும் தொட்டு எதற்கு இரண்டு தப்பு? இருபத்தைந்து மைல்தானே. என்ன ஆகிவிடப் போகிறது?

பிள்ளைகளே, வெறும் கையோடு கிளம்பினேன்.

மணி பதினொன்றே முக்கால். துறைமுகத்து வாசலில் இரண்டு மணிக்குள் ஆஜராக வேண்டும். டாக்டர் பார்த்த பிறகுதான் படகில் ஏற்றுவார்கள். கப்பல் ஆற்றின் நடுவில் நிற்கும். இரண்டுக்குப் பிறகு வாசலை அடைத்துவிடுவார்கள்.

சைட்காரில் அஞ்சலை. மடியில் தகரப் பெட்டி. பெட்டியில் தனத்துக்கு எடுத்த இரண்டு கவுன்கள். நாலு வயசில் விட்ட பிள்ளைக்கு எட்டு வயசு அளவு எப்படித் தெரியும்? என் நடு மகளை நிறுத்தி வைத்து அளந்து தைத்திருந்தாள்.

பெட்டாலிங் தாண்டினோம். நல்ல வெயில். இரண்டு பக்கமும் ரப்பர் மரம், நடுவில் செம்மண் புழுதி. வண்டி ஓடுகிற ஓட்டத்தில் எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கீச்... கீச்... கீச்...

"அண்ணே, வண்டி அழுவுது."

"கழுவி வச்சிருக்கேன்ல, அதான்."

இப்படி ஒரு பதிலை எந்தப் பிட்டரும் சொல்லக் கூடாது. நான் சொன்னேன். பயத்தில் இருக்கிறவன் முதலில் தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்வான்.

பத்து தீகா என்ற ஊருக்கு ஒரு மைல் முன்னால் கீச்சுச் சத்தம் 'கடக் கடக்' என்று மாறியது. வண்டி உதறியது. நிறுத்தினேன். செயினைத் தொட்டேன் — விரல் சுட்டுவிட்டது. அடுப்பில் கிடந்த இரும்பு மாதிரி இருந்தது. எண்ணெய்ப் பசை பேருக்குக்கூட இல்லை. செம்மண் புழுதி பூசி, கண்ணிகள் விறைத்து நின்றன.

திருகைப் பார்த்தேன். திறந்துதான் இருந்தது. டின்னைத் தட்டிப் பார்த்தேன். நிறைய எண்ணெய் இருந்தது. பிறகு ஏன் சொட்டவில்லை?

திருகை இன்னும் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. முழுக்கத் திறந்தேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. டின்னை உள்ளங்கையால் அடித்தேன். குழாய் முனையில் வாயை வைத்து உறிஞ்சினேன். இத்துனூண்டு எண்ணெய் நாக்கில் பட்டது, அதோடு சரி.

குழாயைக் கழற்றிப் பார்க்கலாம் என்றால் ஸ்பானர் வேண்டும். ஊற்றும் வாயைத் திறக்கலாம் என்றால் அதற்கும் ஸ்பானர் வேண்டும். ஸ்பானர் எங்கே? வீட்டில், பூவுக்கு அடியில், சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தது.

எஞ்சின் எண்ணெயில் ஒரு துணியை நனைத்துச் செயினில் தடவியிருக்கலாமே என்று உங்களில் கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பீர்கள். என் மூத்த மகளும் அன்றைக்கு ராத்திரி சோறு தின்னும்போது இதைத்தான் கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை. நானே செய்த கருவி என்னை ஏமாற்றிவிட்டதே என்ற ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

ஒரு லோரி வந்தது. நடு ரோட்டில் நின்று கையை ஆட்டினேன். டிரைவரும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஊர்வலம் என்று நினைத்தாரோ என்னவோ, வண்டி முழுக்கச் சந்தனமும் குங்குமமுமாக இருந்ததே!

மணி பன்னிரண்டரை.

இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "அஞ்சலை, ரயில் நேரம் மாறினது ஷெட்டுல எழுதிப் போட்டிருந்தாங்க. நான்தான் படிக்கல. எல்லாம் என்னால வந்தது."

"தெரியும்ணே. ஸ்டேசன்லயே சொன்னாங்க, ஒங்க ஷெட்டுல பத்து நாளாத் தொங்குதுன்னு."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா ரயிலு திரும்பி வந்துருமா? டின்னப் பாருங்கண்ணே."

அவளே இறங்கி வந்து குனிந்து பார்த்தாள். செயின் இருப்பது சைட்கார் பக்கம். டின்னைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணே, இதுல ரெண்டாவது ஓட்டை எங்க?"

"என்ன ஓட்டை?"

"பால் டின்னுல ஒரு ஓட்டை மட்டும் போட்டாப் பால் வருமா? தலைகீழாக் கவுத்தாலும் வராது. இன்னொண்ணு போட்டாத்தான் காத்து உள்ள போயி பாலைத் தள்ளும். தெனைக்கும் பத்து டின்னு ஒடைக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தேத்தண்ணிக் கடைக்காரி எனக்குப் பாடம் எடுக்கிறாளா? "அதெல்லாம் தெரியாமலா செஞ்சேன்? மூடிக்கு நடுவுல ஓட்டை இருக்கு!"

"எங்க?"

"இங்கதான்!" என்று விரலை நீட்டினேன்.

விரல் சந்தனத்தில் போய் நின்றது.

வெயிலில் காய்ந்து, சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகி, மூடியின் நடுவில் உட்கார்ந்திருந்தது நான் வைத்த பொட்டு. மற்ற பொட்டுகளைவிடப் பெரிய பொட்டு. அதற்கு அடியில் என் காற்றோட்டை!

டின்னுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தேன். அப்புறம் நகத்தால் சுரண்டப் போனேன்... கை தயங்கியது. பூசையில் வைத்த பொட்டு. நானே வைத்து நானே சுரண்டுவதா? ஏற்கெனவே வண்டியை எடுத்த பாவம் வேறு...

அஞ்சலை தோளில் குத்தியிருந்த ஊக்கை உருவினாள். "தள்ளுங்கண்ணே. சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்." நடுக் குங்குமத்தில் நேராகக் குத்தினாள்.

'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. டின் மூச்சு விட்டது.

விட்டது விட்டது, கொட்டியும் விட்டது! திருகை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன் அல்லவா? எண்ணெய் ஒழுகிச் செயின் மேல், சக்கரத்தின் மேல், டயரின் மேல் எல்லாம் வழிந்தது. பாய்ந்து மூடுவதற்குள் அரை டின் காலி. அஞ்சலை சேலைத் தலைப்பால் டயரைத் துடைத்தாள். நான் சட்டையைக் கழற்றித் துடைத்தேன். வண்டியைத் தள்ளித் தள்ளிச் செயினைச் சுற்றவிட்டோம். விறைத்த கண்ணிகள் ஒவ்வொன்றாக இளகின. ஒன்று மட்டும் இளகவே இல்லை.

மணி பன்னிரண்டு ஐம்பது.

இனி இருக்கிற எண்ணெய் துறைமுகம் வரை வர வேண்டும். திருகோ அடிபட்டதில் தளர்ந்துவிட்டது. வண்டி குலுங்கினால் தானாகத் திறந்துகொண்டது, இல்லாவிட்டால் மூடிக்கொண்டது. நான் ஓட்டுவேனா, அதைப் பார்ப்பேனா?

"நீங்க ரோட்டப் பாருங்க. இத நான் பாத்துக்கிறேன்" என்றாள் அஞ்சலை. சைட்காரிலிருந்து கையை நீட்டித் திருகைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனைக்கு ஒரு சொட்டு?"

"பத்துக்கு ஒண்ணு."

வண்டி கிளம்பியது. அவள் குரலும் கிளம்பியது. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." பத்து வந்ததும் திருகைக் கொஞ்சம் அசைப்பாள், ஒரு சொட்டு விழும், மறுபடியும் "ஒண்ணு..." பள்ளம் வந்தால் எண்ணிக்கை தாவும். புழுதி வந்தால் இருமிவிட்டு விட்ட இடத்திலிருந்து எண்ணுவாள். இளகாத அந்த ஒரு கண்ணி ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்றது. டக்... டக்... அடுத்த டக்குக்கு அறுந்துவிடுமோ? அதற்கு அடுத்த டக்குக்கோ? வேகமாகப் போனால் அறுந்துவிடும். மெதுவாகப் போனால் கப்பல் போய்விடும்.

கிள்ளானுக்குள் நுழையும்போது ஒன்று இருபது. சந்தை கூடும் பாசார் பக்கம் ஒரே கூட்டம். ஒரு சீனர் வாத்துக் கூடையோடு குறுக்கே வந்தார். மிதி பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. எப்படியோ ஒதுங்கினேன். வாத்துகள் திட்டின, அவரும் திட்டினார்.

எண்ணெய் குடித்த சக்கரத்தில் பிரேக் பிடிக்குமா? இது எனக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் போய்த்தானே ஆக வேண்டும்?

துறைமுகத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது ரயில்வே கேட் அடைத்திருந்தது. ரோட்டின் குறுக்கே வெள்ளைக் கட்டை. அதற்கு அந்தப் பக்கம் சரக்கு வண்டி 'தடக் தடக்' என்று வந்துகொண்டிருந்தது.

மிதி பிரேக் — இல்லை. முன் பிரேக்கைப் பிடித்தேன். சைட்கார் ஒரு பக்கமாக இழுத்தது. "கால ஊனுங்கண்ணே!" என்று அஞ்சலை கத்தினாள். இரண்டு காலையும் ஊன்றினேன். செருப்பு தேய்ந்து உள்ளங்கால் எரிந்தது. வெள்ளைக் கட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது...

கட்டைக்கும் சைட்கார் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது.

அஞ்சலை கண்ணை மூடியிருந்தாள். வாய் மட்டும் "ஏழு... எட்டு..." என்றது.

எங்கள் ரயில்வேயின் சரக்கு வண்டிதான். எத்தனை பெட்டி, பிள்ளைகளே! நாற்பது வரைக்கும் எண்ணினேன். ஒவ்வொரு பெட்டியும் எனக்குத் தெரிந்த பெட்டி மாதிரி இருந்தது. ஒவ்வொன்றும் ஆடி அசைந்து போனது. என் வாழ்க்கையில் ரயிலைத் திட்டியது அன்று ஒரு நாள்தான்.

துறைமுக வாசலில் போய் நின்றபோது இரண்டுக்கு ஏழு நிமிசம்.

டாக்டர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். தமிழர்தான், யாழ்ப்பாணத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. சட்டை இல்லாமல் உடம்பெல்லாம் கரியோடு நிற்கும் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அஞ்சலையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது என்ன புள்ளி?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். அவள் நெற்றி, கன்னம், கழுத்து, கை எல்லாம் பொட்டுப் பொட்டாகக் கறுப்புப் புள்ளிகள். செயினிலிருந்து தெறித்த எண்ணெய். கழுத்தில் வேர்க்குரு வேறு சிவந்து கிடந்தது.

"காய்ச்சல் இருக்கோ? எத்தினை நாளா?"

பத்து தீகாவில் கலங்காதவள், கேட் கட்டைக்கு முன்னால் எண்ணிக்கொண்டிருந்தவள், இங்கே பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள். நாலு வருசத்துக்கு முன் இதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால், இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டுத்தானே தனத்தை அவளிடமிருந்து பிரித்தார்கள்?

"ஐயா, அது எண்ணெய். மோட்டார் சைக்கிள் எண்ணெய்..." என்றேன்.

"உம்மைக் கேக்கேல்லை."

அஞ்சலை முகத்தை அவர் பக்கம் நீட்டினாள். "எண்ணெதாங்க ஐயா. தொட்டுப் பாருங்க. அழிஞ்சுரும்." தலைப்பால் கன்னத்தைத் தேய்த்தாள். தலைப்பே எண்ணெய்தான், ஒரு புள்ளி ஒன்பது புள்ளியாகப் பரவியது. மறுபடி தேய்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

டாக்டர் ஒரு பஞ்சை எடுத்தார். எதிலோ நனைத்தார். அவள் கையில் ஒரு புள்ளியைத் துடைத்தார். போய்விட்டது. இன்னொன்று. அதுவும் போய்விட்டது. பஞ்சை முகர்ந்து பார்த்தார். கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

"நாடி ஏன் இப்பிடி ஓடுது?"

"அவரு வண்டியில வந்தா யாருக்கும் ஓடுங்க" என்றாள் அஞ்சலை.

டாக்டர் சிரித்துவிட்டார். முத்திரையை எடுத்துக் காகிதத்தில் குத்தினார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். படகுக்காரர்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கையைக் கொடுத்துத் தூக்கினார்கள். திரும்பிப் பார்த்து எதையோ கத்தினாள். காற்றில் பாதிதான் கேட்டது: "...பாப்பாவுக்குப் பாலு சூடா குடுக்கச் சொல்லுங்க அக்காகிட்ட!"

படகு கப்பல் ஓரம் போகும் வரை நின்றேன். அப்புறம்தான் உள்ளங்கால் வலித்தது.

அன்று வீடு திரும்ப எனக்கு நாலு மணி நேரம் ஆனது. இரண்டு மைலுக்கு ஒரு தடவை இறங்கி, குனிந்து, சொட்டுகிறதா என்று பார்த்தேன். நடந்ததைக் கேட்ட சுப்பையா, "அப்ப ஒன் ஆட்டோமாட்டிக்குக்குப் பேரு அஞ்சலையா?" என்றார். இந்தத் தடவை நானும் சிரித்தேன். உண்மைதானே?

கருவியைக் கழற்றி எறிந்துவிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை. இப்போதும் சொட்டுகிறது. காற்றோட்டையை மூடியிலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றி, வளைந்த குழாய் ஒன்று வைத்துவிட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மண்டி போடுவதை நிறுத்தவில்லை. தானாக நடக்கிறது என்று நாம் விட்டுவிடுகிற காரியத்தைத்தான் அடிக்கடி குனிந்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது, பிள்ளைகளே. அறிவிப்புப் பலகையையும்தான்.

இதையெல்லாம் ஒரு மாதமாக ஏன் எழுதவில்லை? அஞ்சலை போய்ச் சேர்ந்தாளா, பிள்ளை கிடைத்ததா என்று தெரியாமல் எப்படி எழுதுவது? கப்பலில் ஏற்றிவிட்டால் முடிந்ததா? அண்ணன் குடும்பம் முன்கூட்டியே கிளம்பியிருந்தால்?

செவ்வாய்க்கிழமை மாரிமுத்து ஒரு கடிதத்தோடு வந்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்கு எழுதத் தெரியாது. ஊரில் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் வார்த்தையெல்லாம் அவளுடையது. உரக்கப் படித்தேன்.

"நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெரியவர் வீட்டில் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். இன்னும் ரெண்டு நாள்தான் இருந்தது. பிள்ளை வளர்ந்துவிட்டாள், கவுன் ரெண்டும் குட்டை. என்னைப் பார்த்துப் பெரியம்மா பின்னால் ஒளிந்துகொண்டாள். அத்தை என்று கூப்பிட்டாள். நானும் என்னம்மா என்று கேட்டேன். நேற்றுத் தூக்கத்தில் அம்மா என்றாள். என்னைத்தான் கூப்பிட்டாளா, சும்மா தூக்கத்தில் சொன்னதா தெரியவில்லை. அடுத்த கப்பலுக்கு ரெண்டு பேரும் வருகிறோம்."

கடைசி வரிகளை மறுபடி படிக்கச் சொன்னான் மாரிமுத்து. படித்தேன். இன்னொரு தடவை கேட்டான். படித்தேன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னான்னு பதில் எழுதலாம்ணே?" என்றான்.

உன்னைத்தான் கூப்பிட்டாள் என்று எழுதிப் போட்டோம். பதில் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும்... அதற்குள் அவளுக்கே தெரிந்திருக்கும்.